மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கிறீர்களா? எனக்குச் செம்பு என்று சொல்லி அலுமினியம் சுற்றிக் கொடுத்தார்கள்

மியான்மரின் யாங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடுத்து அந்த மேசைக்குப் போகும் மோட்டாரின் சொந்தக்காரர் விவரம் தெரிந்து போனால் போதும்.

எங்கள் வீடு தாம்வேயில் இருக்கிறது. தரைத்தொட்டியிலிருந்து மாடியிலுள்ள 200 காலன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பேரிங் மாற்றியது, சீல் மாற்றியது எல்லாம் நானேதான். மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில் இந்த மோட்டார் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். மின்சாரம் வந்த நிமிடத்தில் தெருவே மோட்டாரைப் போடுகிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டில் 160 வரை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மோட்டாரின் சுழற்றும் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160 வோல்ட்டில் பாதி வலுகூட இருக்காது. தண்ணீரின் பளு மட்டும் குறையாது. அந்தப் பளுவை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை வாங்குகிறது, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயில் சூடேறுகிறது.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு காலை, சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியபடி சுற்றாமல் நின்றது. கருகிய வாடை இல்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போயிருக்கிறதா என்று அப்போதே நான் பார்த்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை எடுத்தால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி கசிந்து, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் தொடாத மீட்டர். இனி பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பது என்று அன்றே முடிவு செய்தேன். நீங்களும் இன்றே உங்கள் மீட்டரின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். என் மீட்டர் அன்று வேலை செய்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. புத்தாண்டுக்குப் பெகுவிலிருந்து தங்கை குடும்பம் வருவதாக இருந்தது. தண்ணீர்த் திருவிழா நாளில் தண்ணீர் இல்லாத வீடாக இருக்க முடியுமா? கோயிலில் பழக்கமான ஒருவர், "நம்மவர் கடை ஒன்று இருக்கிறது, நம்பிக் கொடுக்கலாம்" என்றார். மோட்டாரைக் கழற்றி, சைக்காவில் (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) வைத்துக் கொண்டுபோனேன்.

கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மரியாதையாகப் பேசினார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, காயில் போய்விட்டது. கண்டென்சரும் மாற்ற வேண்டும். சுத்தமான செம்புக் கம்பி போட்டுத் தருகிறேன், 80,000 சாட். மூன்று மாதத்துக்கு என் பொறுப்பு" என்றார். நான் ரசீது கேட்கவில்லை. "நமக்குள் எதற்கு அண்ணே" என்று அவர் சொல்வார் என்று நானே நினைத்துக்கொண்டேன். பழைய கம்பியையும் கேட்கவில்லை. பழைய செம்பு இங்கே விசைக் கணக்கில் விலை போகிறது. ஒரு விசை ஏறத்தாழ 1.63 கிலோ. பல கடைகளில் அதைத் தாங்களே வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மோட்டார் வந்தது. புது வண்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. தூக்கியபோது கை சற்று இலேசாக உணர்ந்தது. துருவைச் சுரண்டி வண்ணம் அடித்திருக்கிறார்கள், அதனால்தான் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது. ஓடவும் ஓடியது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் நிரம்பும் தொட்டிக்கு 55 நிமிடம் பிடித்தது. மோட்டாரின் உடம்பில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. பத்தொன்பதாம் நாள், திஞ்ஞான் விடுமுறையில் ஊரே கடையடைத்திருந்த வேளையில், வார்னிஷ் கருகும் அந்தக் காரமான வாடையோடு நின்றுவிட்டது. தங்கை வீட்டாரும் எங்கள் வீட்டாரும் கீழ்த்தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு மாடிக்குச் சுமந்தார்கள்.

அன்று மாலை மோட்டாரைச் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்துத் திறந்தேன். மின்கம்பியை முற்றிலும் எடுத்துவிட்டு, கண்டென்சரின் இரு முனைகளிலும் பழைய குண்டு பல்பு ஒன்றின் கம்பிகளைத் தொட்டு, அதில் மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் கை வைத்தேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள்.

கருகிய காயிலிலிருந்து ஒரு வளையத்தை வெட்டி எடுத்தேன். மேலே செம்பு நிறம்தான். பேனாக்கத்தியின் விளிம்பால் எனாமலைச் சுரண்டினேன், மினுமினுப்பான செம்பு தெரிந்தது. நிறுத்தாமல் இன்னும் நாலு முறை அழுத்திச் சுரண்டினேன். செம்பு தோலாக உரிந்து போய், உள்ளே வெள்ளி போல வெளுப்பு. வெட்டிய முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்: நடுவில் வெள்ளை, சுற்றிலும் மயிரிழை அகலத்துக்குச் சிவப்பு. செம்பு முலாம் பூசிய அலுமினியம். என் மருமகப்பிள்ளை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

அலுமினியத்தில் காயில் சுற்றுவதே மோசடி என்று சொல்ல மாட்டேன். சில தொழிற்சாலைகளே அப்படிச் செய்கின்றன. ஆனால் அதற்கேற்பத் தடித்த கம்பியைப் போடுகிறார்கள், காயில் உட்காரும் இரும்புப் பகுதியான ஸ்டேட்டரையும் அதற்கு இடம் விட்டு வடிவமைக்கிறார்கள். அதே தடிமன், அதே நீளம் என்றால் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. செம்புக்கென்று ஸ்டேட்டரில் வெட்டிய காடிகளில் தடித்த அலுமினியக் கம்பியை வேண்டிய சுற்றுகள் திணிக்க முடியாது. ஆகவே அதே தடிமனில் சுற்றி மூடிவிடுகிறார்கள். வெப்பம் கூடுகிறது, மின்னழுத்தம் இறங்கினால் இன்னும் கூடுகிறது. இணைப்பு முனைகளிலும் வினைதான். எனாமலைச் சுரண்டும்போது மெல்லிய செம்புத் தோலும் போய்விடும். திறந்த அலுமினியத்தில் ஆக்சைடு படிந்து, ஈயம் ஒட்டாமல், இணைப்பு சூடாகும். என் மோட்டாரில் ஈயமே வைக்கவில்லை, முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

இதுவரை பணநஷ்டம். என்னை உறைய வைத்தது வேறொன்று. பச்சை எர்த் கம்பி மோட்டாரின் உடம்போடு சேரவே இல்லை. திருகை இறுக்க மறந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பியையே குட்டையாக வெட்டி மூடிக்கு அடியில் மடித்து விட்டிருந்தார்கள். ஈரத்தரையில் நின்றபடி என் மனைவியும் பேத்தியும் அந்த மோட்டாருக்குப் பக்கத்துக் குழாயைத் தினமும் தொடுகிறார்கள். காயில் கருகும்போது கம்பி உடம்பில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை எழுதும்போதும் நெஞ்சு படபடக்கிறது.

விடுமுறை முடிந்ததும் வெட்டிய வளையத்தோடு கடைக்குப் போனேன். முதலில், "சப்ளை செய்கிறவன் ஏமாற்றியிருக்கிறான் அண்ணே" என்றார். எர்த் கம்பியைக் காட்டினேன். "பையன் செய்த வேலை." பழைய கம்பியைக் கேட்டேன். ஒரு மூட்டையிலிருந்து கருகிய சுருள் ஒன்றை எடுத்துப் போட்டார். அது என் மோட்டார்க் கம்பியைவிட இரு மடங்கு தடிமன். "இது என்னுடையது இல்லை, தம்பி" என்றேன். பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை. இலவசமாக மறுபடி கட்டித் தருவதாகச் சொன்னார். அவர் கையில் இனி எதையும் கொடுப்பதில்லை என்று திரும்பிவிட்டேன். முதலில் காயில் உண்மையிலேயே போயிருந்ததா, கண்டென்சர் மட்டும்தானா என்று இனி நிரூபிக்க வழியில்லை. வாடையில்லாமல் முனகி நின்ற விதத்தைப் பார்த்தால் கண்டென்சர்தான் என்பது என் எண்ணம்.

அதைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டியதில்லை. அழுக்கு ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைச் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் போட்டால் முனகுகிறது என்றால், அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவுள்ள புதுக் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

மீட்டர் இருந்தால் காயிலையும் அளக்கலாம். பெரும்பாலான வீட்டு மோட்டார்களில் மூன்று கம்பிகள் வெளியே வரும். கண்டென்சரைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம் அளந்தால் மூன்று எண்கள் வரும். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். பேரிங் மாற்றிய ஆண்டில் நான் நோட்டில் எழுதி வைத்திருந்தது 14, 22, 36. புதுப் பேட்டரி போட்டு அளந்தபோது, கருகாமல் தப்பியிருந்த, கண்டென்சரோடு சேரும் துணைச்சுற்றில் மட்டும் எண் கிடைத்தது: 22 இருக்க வேண்டிய இடத்தில் 34. ஒன்றரை மடங்குக்கு மேல். மோட்டாரைத் திறக்காமலே, கடை வாசலில் நின்றே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மோட்டார் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம், சூட்டில் செம்பின் தடையும் ஏறும்.

எர்த் சோதனை அரை நிமிட வேலை. மீட்டரைக் கூவும் நிலையில் வைத்து, பிளக்கின் எர்த் முனையில் ஒரு முள், மோட்டார் உடம்பில் வண்ணமில்லாத திருகில் மறுமுள். மீட்டர் கூவ வேண்டும். கூவாத மோட்டாரை வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள், கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

பிறகு வேறொரு பட்டறையில், வயதான பர்மியச் சயா (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் கொடுத்தேன். கம்பிச் சுருளை என் முன்னாலேயே கத்தியால் சுரண்டிக் காட்டினார், உள்ளே கடைசிவரை சிவப்பு. பழைய கம்பியை நான் கேட்பதற்கு முன்பே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அளந்தேன்: 14, 22, 36. அந்த மூன்று எண்களையும் தேதியோடு மோட்டாரின் மேல்மூடியில் வண்ணத்தால் எழுதியிருக்கிறேன். தொட்டி இப்போது 45 நிமிடத்தில் நிரம்புகிறது.

அந்த அலுமினிய வளையம் சமையலறைச் சன்னலோர ஆணியில் தொங்குகிறது. தாம்வேப் பக்கம் உள்ளவர்கள் காயில் கட்டக் கொடுக்கும் முன் வந்து கையில் எடுத்துப் பாருங்கள், கத்தியும் தருகிறேன்.