டி மாத்திரையா, வெயிலா, இடுப்பளவா?

ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வைட்டமின் டி 14. 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பழக்கப்பட்ட கணக்கு. அடுத்த வரியில் சி.ஆர்.பி. 4.2. இது அழற்சியை (உடலுக்குள் ஓடும் இன்ஃப்ளமேஷனை) காட்டிக்கொடுக்கும் ரத்தப் புரதம்; 3-ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி ஓடுகிறது என்று டாக்டர் புருவம் உயர்த்துவார். ஆளுக்குத் தொப்பை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85-க்கு மேல். இப்படி ஐந்து அறிகுறிகளில் மூன்று சேர்ந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம்தான், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு.

டி-யை ஏற்றினால் சி.ஆர்.பி. தானாக இறங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

டி எண்ணை ஏற்ற வேண்டுமென்றால் மாத்திரையை அடிக்க ஆளில்லை. ஆனால் அழற்சி? அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்த வைட்டல் ஆய்வில் ஒரு பாதிக்குத் தினம் 2000 யூனிட் கொடுத்தார்கள். அதில் சி.ஆர்.பி. அளந்தவர்களிடம் இரண்டாம் ஆண்டில் 19 சதவீதம் இறங்கியது. நான்காம் ஆண்டில் அந்த இறக்கம் ஏறக்குறைய மறைந்துபோனது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அப்புறம், கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்று அள்ளி விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வெயிலுக்குக் காசு இல்லை, ஆனால் பருமனானவர்களிடம் அது பாதிப் பலன்கூடத் தருவதில்லை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு புற ஊதாக் கதிர் பட்டும் அவர்களுக்கு டி ஏற்றம் 57 சதவீதம் குறைவு. தோல் தயாரிப்பதைக் கொழுப்பே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் இடுப்பளவு முந்துகிறது. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது, அதைக் கேட்டுக் கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. கொழுப்பு கரைந்தால் அந்தக் குழாயே மூடுகிறது; டி-யும் கொஞ்சம் ஏறுகிறது. எது எதற்குக் காரணம் என்று 2013-இல் மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 10 சதவீதம் கூடினால் டி சுமார் 4 சதவீதம் குறைந்தது. டி குறைவதால் உடல் பருப்பதற்கோ உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. போதாததற்கு, அழற்சியே டி அளவைக் கீழே தள்ளவும் செய்யும்.

14 என்று வந்தவர் எலும்புக்காகவாவது மாத்திரை எடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. சி.ஆர்.பி. இறங்குவதற்கு நான் நம்புவது அளவு நாடாவைத்தான். மறுபரிசோதனையைச் சளி, காய்ச்சல் இருக்கும்போது செய்யாதீர்கள். சி.ஆர்.பி. 10-க்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் கிருமியின் வேலை. இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுங்கள்.