திருத்தம் கடைமடை வரை போக வேண்டும்: ஒரே காம்ப், ப்ரீகாம்ப், நோட்

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அது எந்தெந்த ஆற்றில் எப்படிப் பிரிகிறது என்று காட்டும் இரண்டு நிமிட அனிமேஷன் ஒன்றை, கும்பகோணத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்காகச் செய்தேன். முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும், கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரியும், அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று போகும். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு கோடு, அதன்மேல் ஓடும் நீலம், மதகுச் சின்னம், பெயர்ப் பலகை. எண்ணிப் பார்த்தபோது 140 லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் படத் துண்டு) இருந்தது. இதை அடுக்க வழி தேடி, ஒரே வேலையை மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

முதலில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே காம்பில், அதாவது லேயர்களை வைத்து இயக்கும் ஒரே காட்சிப் பெட்டியில், வைத்தேன். ஆற்றுக்கு ஒரு லேபிள் நிறம், பலகைகளை நகர்த்த நல் (null) லேயர்கள், அதாவது திரையில் தெரியாமல் மற்றவற்றை இழுத்துச் செல்பவை, வேலை முடிந்தவற்றை ஷை போட்டு மறைத்துவிடலாம். இதன் பெரிய பலம் நேரம் கண்முன்னே இருப்பது. கல்லணையில் நீலம் வந்த பிறகுதான் வெண்ணாற்றில் ஓட வேண்டும் என்றால், இரண்டு கீஃப்ரேமும் (மாற்றம் நடக்கும் நேரத்தைக் குறிக்கும் புள்ளி) ஒரே டைம்லைனில் மேலும் கீழுமாகத் தெரியும். ஆனால் ஒரு லேயரை நல் லேயரோடு பேரன்ட் செய்தால், அதாவது அதைப் பின்தொடரும்படி கட்டினால், இடம், அளவு, சுழற்சி மட்டுமே கூட வரும். ஒப்பாசிட்டி, அதாவது எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்ற அளவு, வராது. ஓர் ஆற்றை மொத்தமாக மங்கச் செய்ய ஒவ்வொரு லேயராகத் தொட வேண்டியிருந்தது. டைம்லைனில் லேயர்களைப் போட்டு மடித்துவைக்க ஃபோல்டரும் கிடையாது. வடிவங்கள் வரையும் ஷேப் லேயருக்குள் மட்டும் குரூப் உண்டு.

அடுத்தது ப்ரீகாம்ப், அதாவது காம்புக்குள் இன்னொரு காம்ப். ஓர் ஆற்றின் லேயர்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் அவை ஒரே லேயராக மடங்கிவிடும். 140 லேயர் பதினொன்றானது. பார்க்கவே நிம்மதி. சிக்கல் அப்புறம்தான் தொடங்கியது. அரசலாற்றுப் பலகையை டைம்லைனிலேயே கண்ட்ரோல், டி போட்டு நகலெடுத்து, உள்ளே போய் ‘வெட்டாறு’ என்று மாற்றினேன். வெளியே வந்து பார்த்தால் இரண்டு பலகையிலும் வெட்டாறு. டைம்லைனில் எடுக்கும் நகல் அதே காம்பைத்தான் சுட்டும். தனிக் காம்ப் வேண்டுமானால் எல்லாக் காம்புகளின் பட்டியலும் இருக்கும் ப்ராஜெக்ட் பேனலில் நகலெடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ப்ரீகாம்பில் கைவைப்பது, எந்த மதகு எந்த வாய்க்காலுக்கு என்று தெரியாமல் ஷட்டரைத் தூக்குவது மாதிரி.

இன்னொன்று, கேமரா கும்பகோணத்தை நெருங்கும் காட்சி. ப்ரீகாம்பை 400 சதவீதம் பெரிதாக்கியதும் ஊர்ப் பெயர்கள் மசமசவென்று ஆயின, பூம்புகார் பக்கம் கோடு காம்பின் விளிம்போடு வெட்டுப்பட்டு நின்றது. சூரியன் மாதிரி இருக்கும் கொலாப்ஸ் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் சுவிட்சைத் தட்டினால் இரண்டும் சரியாகும்: எழுத்து கூர்மையாகும், விளிம்புக்கு வெளியே இருப்பதும் தெரியும். ஆனால் உள்ளே போட்டிருந்த ப்ளெண்ட் மோடுகள் (ஒரு லேயரின் நிறம் அடியில் இருப்பதோடு கலக்கும் விதங்கள்) வெளியே கசிந்து அடியில் இருக்கும் வரைபடத்தோடு கலக்கும். எனக்கு ஆற்றின் நிறமே மாறிப்போனது.

மூன்றாவது, டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்குள் இருக்கும் ஃப்யூஷன். இலவசப் பதிப்பிலேயே கிடைக்கிறது என்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். இங்கே லேயர் அடுக்கே இல்லை. வேலைக்கு ஒரு பெட்டியாக இருக்கும் நோட்களைக் கோடு போட்டு இணைத்து, மெர்ஜ் வழியாக ஒன்றின்மேல் ஒன்றை வைக்கிறோம். எது எதற்குள் போகிறது என்பதற்காக உள்ளே நுழைந்து வெளியே வரத் தேவையில்லை, முழு வலையும் ஒரே திரையில் விரிந்து கிடக்கும். ஒரு பலகையை இன்ஸ்டன்ஸாக (மூலத்தோடு தொடர்பில் இருக்கும் நகலாக) ஒட்டி, எழுத்தை மட்டும் டீஇன்ஸ்டன்ஸ் செய்தால் (அந்தத் தொடர்பை அறுத்தால்) பெயர் தனியாகவும் மற்ற அமைப்பு பொதுவாகவும் நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் என் வேலையின் உயிரே நேரம். எந்த ஆற்றில் நீலம் எப்போது தொடங்குகிறது என்று நோட் வலையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, கீஃப்ரேம் பேனலுக்கும் வலைக்கும் மாறி மாறிப் போனேன். ஒரு படத்தோடு இன்னொன்றைக் கலந்து சீராக்கும் வேலையாக இருந்தால் யோசிக்காமல் ஃப்யூஷனுக்குப் போயிருப்பேன்.

கடைசியில் நான் எடுத்தது முதலும் இரண்டும் கலந்த வழி. ஆறுகளின் கோடும் நீலமும் ஒரே காம்பில், நேரம் தெரியும்படி. திரும்பத் திரும்ப வரும் பலகையும் மதகுச் சின்னமும் மட்டும் ப்ரீகாம்ப். பலகையின் எழுத்தை எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பேனலில் இழுத்துப் போட்டுவிட்டதால், ஒரே பலகைக் காம்பை எத்தனை ஆற்றுக்கு வைத்தாலும் பெயரை வெளியிலிருந்தே தனித்தனியாக மாற்றலாம். 2018-இல் இந்த வசதி வந்த பிறகும் பலர் பலகைக்கு ஒரு காம்ப் என்று பெருக்கிக்கொண்டே போவது எனக்கு வருத்தம்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். “தம்பி, கல்லணைக் கால்வாய்னு போட்டிருக்கீங்க. எங்க பக்கம் புது ஆறுன்னு சொன்னாதான் தெரியும்” என்றார். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய், இன்றைக்கும் அது புது ஆறுதான். அந்த ஒரு பலகையில் பெயரை மாற்றினேன். பிறகு, “எழுத்து இன்னும் பெருசா இருந்தா பின்னாடி உக்கார்றவங்களுக்கும் தெரியும்” என்றார். பலகைக் காம்புக்குள் போய் ஒரு முறை அளவைக் கூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை பலகையிலும் எழுத்து பெரிதானது.