வாளியும் ப்ளோயருமா, பிரஷர் வாஷரா? கடலூர், புதுச்சேரி பைக்குகளுக்கு எது சரி

பைக்கை வீட்டிலேயே கழுவ ஏதாவது வாங்கலாம் என்று இறங்கினால் இரண்டு வழி இருக்கிறது. ரூ.5,000-க்கு மேல் கொடுத்து பிரஷர் வாஷர் வாங்கலாம். அல்லது வீட்டில் இருக்கும் வாளியையும் மக்கையும் வைத்துக்கொண்டு, கழுவிய பின் நீரை ஊதி உலர்த்த சுமார் ரூ.1,500-க்கு ஒரு கை ப்ளோயர் மட்டும் வாங்கலாம். நான் இரண்டாவது வழியின் பக்கம். வண்டி நிற்பது மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ என்றால் யோசிக்கவே வேண்டாம். நெய்வேலியிலும் விருத்தாசலத்திலும் இருப்பவர்களுக்கு இதையே இத்தனை அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். இங்கே காற்றில் உப்பு இருக்கிறது, அங்கே அவ்வளவு இல்லை. வித்தியாசம் அதுதான்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பளபளப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. தண்ணீர்ச் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி ஊற்றினால் 45 லிட்டர். வீட்டு பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் இழுக்கும், எட்டு, பத்து நிமிடம் ஓடினால் 50, 60 லிட்டர். வெறும் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டபடி தேய்ப்பதுதான் உண்மையான விரயம். நேரத்தில் பிரஷர் வாஷர் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கும்.

கடையில் விடும் வாட்டர் வாஷ் மூன்றாவது வழி. மழைக்காலத்தில் இன்ஜினுக்கு அடியில் சேறு கட்டிக்கொண்டால் ராம்பில் ஏற்றிக் கழுவுவது வசதிதான். ஆனால் பளபளப்புக்காக வண்டி மேல் டீசல் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீசல் படலம் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும், ரப்பரை ஊற வைக்கும், டிஸ்க்கிலோ பிரேக் ஷூவிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்த வரிசையில் நிற்கும் வண்டிகள் பாதி ஈரத்தோடுதான் வெளியே வருகின்றன. பூஜைக்குப் பூசிய சந்தனத்தையும் குங்குமத்தையும் நாலைந்து நாளில் துடைத்துவிடுவது நல்லது. காய்ந்த பூச்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

உப்பு எங்கே போய் உட்காருகிறது

மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் வண்டி முழுக்கப் படிகிறது. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊர் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் பெரும்பாலும் இதற்கெல்லாம் மேலேதான் நிற்கும். அதனால் மழையே இல்லாவிட்டாலும் உப்புப் படிந்த போல்ட் ஈரமாகவே இருக்கிறது. மார்கழிப் பனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கழுவினால் அந்த உப்பு கரைந்து போய்விடும், அதற்காகத்தான் கழுவுகிறோம். ஆனால் கரைந்த உப்புநீர் வண்டியை விட்டு இறங்கினால்தான் பயன். இறங்காமல் ஒரு மூலையில் தங்கி மெதுவாக உலர்ந்தால், மேலே பரவலாக இருந்த உப்பு அந்த மூலையில் திரண்டுவிடும். சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங், சென்டர் ஸ்டாண்ட் பின், ஸ்போக் நிப்பிள், டேங்கின் அடி விளிம்பு, சைலென்சர் வெல்டிங், செயின் அட்ஜஸ்டர் போல்ட், பேட்டரி தட்டு, பின் மட்கார்டின் உள்மடிப்பு: கடலோர வண்டிகளில் துரு முதலில் தலைகாட்டும் இடங்கள் இவை. வண்டி மேலே கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் கை விட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டும். விற்கும்போது விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

ஆகவே எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பதைவிட, நீர் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது, அதை எப்படி வெளியே எடுக்கப்போகிறோம் என்பதே முக்கியம். பிரஷர் வாஷர் தோற்பது இந்த இடத்தில்.

மாடித் தொட்டி தலைக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் வரும் அழுத்தம் சுமார் அரை பார். வீட்டு பிரஷர் வாஷரில் 100 பாருக்கு மேல் வரும். சக்கர பேரிங்கிலும் கோன்செட்டிலும் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) உள்ள ரப்பர் சீல், கிரீஸை உள்ளே வைக்கவும் சாலையில் தெறிக்கும் நீரைத் தடுக்கவும் செய்யப்பட்டது. இந்த அடியைத் தாங்குவது அதன் வேலையல்ல. உள்ளே புகுந்த நீர் கிரீஸோடு கலந்து பால்போல வெளுத்துவிடும். சில மாதம் கழித்து ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல இருக்கும், அல்லது சக்கரத்தில் 'கர்ர்' சத்தம் வரும். என்றோ கழுவியதால் வந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றாது. வயரிங் கப்ளருக்குள் புகுந்த நீரும் அப்படித்தான், பச்சை பூத்து ஒருநாள் இண்டிகேட்டரோ ஹாரனோ நிற்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். கவனமாகப் பிடிப்பவர் கையில் பிரஷர் வாஷர் ஆபத்தான கருவி இல்லை. கேப்பர் மலைப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ மழையில் ஓடி மட்கார்டுக்குள் செம்மண் இறுகிவிட்டால் அதைப் போல வேகமாகக் கரைக்க வேறொன்று இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நீரை 40 டிகிரி அகலத்துக்கு விரித்து அடிக்கும் விசிறி நாசில் மட்டும் போட்டு, இரண்டடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடிக்கலாம். சக்கர ஹப், கோன்செட், ஃபோர்க் சீல், ஹேண்டில் சுவிட்சுகள், சைலென்சர் வாய், ரேடியேட்டர், சீட்டுக்கு அடிப்பகுதி ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது. செயினில் பக்கவாட்டில் அடித்தால், கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். இத்தனை இடத்தையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது டேங்கும் மட்கார்டும்தான், அதற்கு மக்குத் தண்ணீரே போதும் என்பது என் கருத்து.

வாளியில் கழுவும் முறை

இன்ஜின் நிறுத்தி அரைமணி நேரம் நிழலில் ஆறட்டும். சூடான ஹப்பில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கும், வாளியில் கழுவினாலும் இது நடக்கும். சைலென்சர் வாயை பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் போட்டு மூடுங்கள். சாவித் துவாரத்தில் ஒரு துண்டு டேப்.

செயினை முதலில் முடித்துவிட வேண்டும். பிறகு செய்தால் கழுவிய ரிம்மிலேயே அழுக்கு தெறிக்கும். அரை டம்ளர் மண்ணெண்ணெயோ கடையில் விற்கும் செயின் கிளீனரோ போதும், மென்மையான பிரஷால் தேய்த்து பனியன் வேஸ்ட்டால் துடைக்கவும். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் கூடாது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கவே கூடாது, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் விரல் மாட்டினால் போய்விடும்.

அடுத்து மேலிருந்து கீழாக வெறும் நீர் ஊற்றி மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். செம்மண்ணாக இருந்தால் இரண்டு முறை. ஊறாமல் தேய்த்தால் அந்த மண்ணே டேங்கில் வட்ட வட்டமாகக் கீறும். ஒரு வாளியில் ஷாம்பு நீர், இன்னொன்றில் வெறும் நீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அதிலுள்ள காரம் அலுமினியத்தை மங்க வைக்கும், போர் தண்ணீரில் திரிந்து வெள்ளையாகப் படியும்.

கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். முதல் இரண்டு அலசலுக்கு அது பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்: நகராட்சிக் குழாய் நீர், பிடித்து வைத்த மழைநீர், அல்லது ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர். ஏ.சி. நீரில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவிலேயே சில லிட்டர் சேரும், துணியில் வடிகட்டி எடுத்தால் போதும். ஆர்.ஓ. கழிவு நீரைச் சிலர் வண்டிக்குப் பயன்படுத்துகிறார்கள், அது தவறு. வடிகட்டிய உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. நல்ல நீரைச் செடிக்கு ஊற்றும் பூவாளியில் எடுத்து, முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒரே தாரையாக ஊற்றுங்கள். தாரை சொட்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும், உலர்த்தும் வேலை பாதி குறையும்.

உலர்த்துவதில் நான்கு வழி

வெயிலில் நிறுத்துவது எளிது. ஆனால் டேங்க் மேலே நீர்ப்புள்ளிகள் சுண்ணாம்பாகக் காய்ந்துவிடும், உள்மூலைகள் அப்படியே ஈரமாக இருக்கும். துணி, டேங்குக்கும் பேனலுக்கும் மிகச் சரி. 800 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 800 கிராம்) அளவில் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. போல்ட் இடுக்கிலும் இன்ஜின் ஃபின்னுக்கு நடுவிலும் துணி நுழையாது. ஓட்டிக் காயவைப்பதில் பிரேக்கும் பிளக் சுற்றுப்புறமும் நன்றாக உலரும், ஸ்டாண்டும் டேங்க் அடியும் உலராது. அது கடைசிப் படிக்குத்தான் ஏற்றது.

மிச்சத்தைச் செய்வது ப்ளோயர். 500, 600 வாட் உள்ள சாதாரண கை ப்ளோயர் போதும், நுனியில் ரப்பர் மூக்கு இருந்தால் பெயின்ட் கீறாது. விரற்கடை தூரத்தில் பிடித்து மேலிருந்து கீழே வாருங்கள். பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளம்தான் முதல் இடம். அங்குள்ள வடிகால் துளையில் புழுதி அடைத்திருந்தால் தேங்கிய நீர் டேங்குக்குள் இறங்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, உள்ளேயும் துரு பிடிக்கும். அடுத்து சுவிட்சுகள், மிரர் தண்டு, மீட்டர் விளிம்பு, ஸ்பார்க் பிளக் குழி, ஃபின், காலிப்பர், ஹப், செயின். பிறகு சீட்டைக் கழற்றி பேட்டரி தட்டு. கடைசியாக ஸ்டாண்ட் ஸ்பிரிங், மட்கார்டின் உள்மடிப்பு. பத்து, பன்னிரண்டு நிமிட வேலை. மலிவான ப்ளோயரின் மோட்டார் சீக்கிரம் சூடேறும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மணல் தரையில் நின்று ப்ளோயர் போட்டால் மணல் எழும்பி ஈரப் பெயின்டில் ஒட்டும், அதன்மேல் துணி போட்டால் கீறல்தான், சிமென்ட் தரைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஈரத்தரையில் மின்சாரம் என்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாற்காலி மேல் இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பாக இருந்தால் நல்லது. பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை நான் சொல்ல மாட்டேன். தொட்டியில் சேர்ந்த நீரையும் எண்ணெயையும் அதுவே துப்பும், பேரிங் சீலில் பட்டால் பிரஷர் வாஷரின் கெடுதலையே செய்யும்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியென்றால் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்துங்கள். ஷூவில் நீர் இருந்தால் முதல் இரண்டு தடவை பிடிக்காது, அதற்குத் தயாராக இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் செயின் இளஞ்சூட்டில் இருக்கும், 90 கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ உட்பக்கமாகப் போட்டு, வழிவதைத் துடைத்து இரவு முழுக்க விடுங்கள். பல கையேடுகளில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கணக்கைப் பாதியாக்குங்கள். ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் சுத்தமான துணியால் மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவுங்கள். அங்கே ஊசிமுனை அளவு துரு வந்தாலும் சீலின் உதட்டை அறுத்து ஆயில் கசிய வைக்கும். ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கும் அதே எண்ணெய். டிஸ்க் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

மின்சார ஸ்கூட்டர்களில் என் அனுபவம் குறைவு. நீர் எதுவரை போகலாம் என்பதில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அங்கே கையேடு சொல்வதே முடிவு. செராமிக் பூச்சு போட்ட வண்டியில் மேல்பகுதி உலர்வது இன்னும் எளிது. ஆனால் அந்தப் பூச்சு ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கும் பேட்டரி தட்டுக்கும் எட்டாது, ப்ளோயர் வேலை அப்படியே இருக்கும்.

வாரம் ஒருமுறை கழுவினால் போதும். தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ மாலை முழுக்க வண்டி நின்ற நாட்களில் மட்டும், வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறியதும் இரண்டு மக்கு நல்ல தண்ணீரை ஃபோர்க், ரிம், ஸ்டாண்ட் மேல் ஊற்றி ஐந்து நிமிடம் ப்ளோயர் போடுங்கள். ஷாம்பு தேவையில்லை.