அலாரம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

மலேசியாவின் பினாங்கில் பிறை, செபராங் ஜெயா, பட்டர்வொர்த் பக்கம் தாமான் தாமானாக (குடியிருப்புக் குடியிருப்பாக) போய் வீட்டு அலாரம் விற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கருநீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். சாமான் இலவசம், மாதம் 89 வெள்ளி (ரிங்கிட்) மட்டும், 36 மாத ஒப்பந்தம் என்பார்கள். வழக்கு பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் இருப்பதால் கம்பெனி பெயரை எழுதவில்லை. ஆனால் என் வீட்டில் என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதை எழுதத் தடையில்லை.

இந்தத் தைப்பூசத்துக்கு அம்மாவுக்குப் பால்குட நேர்த்திக்கடன். குடும்பமே இரவோடு இரவாகப் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டோம். அன்றைக்கு இந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் பாதி காலியாக இருக்கும் என்பது திருடனுக்குத் தெரியாதா என்ன? திரும்பி வந்தபோது முன்கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. அலாரம் போட்டிருப்பதாகக் காட்டும் விளக்கு கீபேடில் எரிந்துகொண்டிருந்தது. எண்ணை அழுத்தினேன், பீப் என்று நல்லபிள்ளையாக அடங்கியது. குசினிக்குப் போனால் பின்சந்துப் பக்கக் கிரில் அறுபட்டுக் கிடக்கிறது. மாடியில் அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்திருக்கிறார்கள். அம்மாவின் அட்டிகை, வளையல்கள், என் மடிக்கணினி எல்லாம் போச்சு. சைரன் மூச்சுவிடவில்லை. பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீன அங்கிளுக்கு நாய் குரைத்தது மட்டும்தான் கேட்டதாம்.

இதை விற்றவன் நம் பையன்தான். அம்மாவை வாய் நிறைய ஆன்ட்டி என்று கூப்பிட்டான். "ஆன்ட்டி, கதவு திறந்தா எங்க கன்ட்ரோல் ரூம்ல பெல் அடிக்கும். 24 மணி நேரமும் ஆள் உட்கார்ந்திருக்கும். பாலாயோட (போலீஸ் நிலையத்தோட) நேரா கனெக்‌ஷன், பத்து நிமிஷத்துல போலீஸ் வந்துரும்." பொருத்தி முடித்ததும் நான் கேட்டேன், எல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று. "நடந்து பாருங்கக்கா" என்றான். குசினியில் நடந்தேன், மூலையில் இருந்த சென்சாரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. மாடியில் நடந்தேன், அங்கேயும் மினுக்கியது. "பாத்தீங்களா, உங்கள பிடிச்சிருச்சு!"

இந்த மினுக்கும் விளக்கை வைத்துத்தான் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருட்டுக்குப் பிறகு புக்கிட் மெர்தாஜாமில் வெகுகாலமாக அலாரம் வேலை செய்யும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். வந்தவர் முதலில் சென்சாரைப் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்ப் பிளக்கில் ஒரு சின்ன கறுப்பு அடாப்டர், அதிலிருந்து மேலே சென்சாருக்கு ஒரு வயர். "இது எதுக்கு இங்க இருக்கு தங்கச்சி?" என்று கேட்டார். சென்சாருக்குக் கரண்ட் என்று சொன்னார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே மெயின் பெட்டியைத் திறந்தார்.

பி.ஐ.ஆர். எனப்படும் இந்த அசைவு சென்சார், உடம்புச் சூடு அறைக்குள் நகர்வதை உணரும் சாதனம். வயர் வைத்த வகைக்குக் குறைந்தது நான்கு இழை வேண்டும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு செய்திக்கு. நான்கும் மெயின் பெட்டியிலிருந்து ஒரே கேபிளில் வர வேண்டும். சிவப்பு விளக்கு எரியக் கரண்ட் இழை இரண்டும் போதும். செய்தி இழை பெட்டிக்குப் போகிறதா இல்லையா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. எங்கள் குசினியிலும் மாடியிலும் கரண்ட் அடாப்டரிலிருந்து வந்தது. செய்தி இழை எங்கேயும் போகவில்லை. திருடன் நடந்தபோதும் அது மினுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் பெட்டி ஏன் கோளாறு என்று காட்டவில்லை? அதற்கும் பதில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு சோனுக்கும், அதாவது பெட்டி தனித்தனியாகக் கவனிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும், வயரின் கடைசியில், சென்சாருக்குள், ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை) வைக்க வேண்டும். பெட்டி அந்தத் தடையின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு மாறினால் யாரோ கதவைத் திறந்தார்கள், அல்லது வயரை வெட்டினார்கள் என்று அதற்குப் புரியும். இவர்கள் அந்த ரெசிஸ்டரை மெயின் பெட்டியின் டெர்மினலிலேயே முறுக்கி விட்டிருந்தார்கள். பெட்டிக்கு எந்நேரமும் எல்லாம் சரி. ஆறு சோனில் நான்கு இப்படி. முன்கதவு திறப்பதை உணரும் காந்த சென்சாரும் ஹாலில் வாசலைப் பார்த்த சென்சாரும்தான் உண்மையில் உயிரோடு இருந்தவை. எங்கள் வீட்டில் படிக்கட்டு குசினியை ஒட்டியிருக்கிறது. திருடன் ஹாலுக்கு வரவே தேவைப்படவில்லை. பின்கதவில் "வயர்லெஸ்" என்று ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றினால், பேட்டரியும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை, வெறும் கூடு.

இவ்வளவு சிரமப்பட்டு ஏமாற்றுவதற்கு ஒழுங்காகவே செய்துவிட்டுப் போகலாமே என்று பெரியவரிடம் கேட்டேன். சிரமமே இல்லையாம். சீலிங்குக்குள் ஏறிக் கேபிள் இழுத்து ஒழுங்காகச் செய்தால் இரட்டை மாடி வரிசை வீட்டுக்கு ஒரு நாள் ஓடிவிடும். இப்படிச் செய்தால் காலையில் ஒரு வீடு, பசியாறிவிட்டு வந்து ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. வேலையாட்களுக்கு வீட்டுக் கணக்கில்தான் சம்பளம் என்று அவர் சொன்னார். எனக்குக் கோபம் அந்தப் பையன்கள் மேல் குறைந்து, கம்பெனி மேல் கூடியது அப்போதுதான்.

அடுத்தது சிம் கார்டு. கைப்பேசிக்கு அழைப்பு வரும் வகை அலாரத்தில் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். எங்களுடையதை எடுத்து என் போனில் போட்டுப் பார்த்தோம். சேவை இல்லை. ப்ரீபெய்டு சிம்முக்கு டாப் அப் போடாமல் விட்டால் காலம் முடிந்து நம்பர் செத்துப்போகும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மாதம் 89 வெள்ளி வாங்கியவர்கள் அந்த நம்பருக்குப் பத்து வெள்ளி போடவில்லை. உண்மையான கண்காணிப்பு மையமாக இருந்தால், பெட்டி குறித்த இடைவெளியில் "நான் இருக்கிறேன்" என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். செய்தி வராவிட்டால் மையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து விசாரிப்பார்கள். எங்கள் சிம் எப்போது செத்ததோ தெரியாது, ஒருவரும் அழைக்கவில்லை. ஆக, 24 மணி நேரமும் உட்கார்ந்திருந்த ஆள் யார்?

பாலாயில் ரிப்போர்ட் எழுதிய அதிகாரி நல்ல மனிதர். வீட்டு அலாரம் எதுவும் தங்கள் பாலாயோடு இணைக்கப்பட்டதில்லை, யாராவது 999-க்கு அழைத்தால்தான் வண்டி கிளம்பும் என்றார். பெருநாள் காலத்தில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் பாலாயில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்துக்காரர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள் என்றும் சொன்னார். அதற்குக் காசும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. கேஸ் தண்டனைச் சட்டம் 457-ஆவது பிரிவில் போயிருக்கிறது. இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி: வீட்டுச் சாமான் பாலிசியில் நகைக்குக் கொடுப்பது மொத்தக் காப்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. நகை அதிகம் வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இனி கம்பெனி. முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு பெண், "ஃபாக்டரி டிஃபெக்ட்டா இருக்கும்கா" என்றார். ரெசிஸ்டர் படங்களை அனுப்பினேன். மேனேஜர் என்று ஒருவர் பேசினார். கண்காணிப்பு என்றால் ஆள் பார்ப்பது என்று அர்த்தமில்லையாம், ஆப்பில் நாமே பார்த்துக்கொள்வதாம். ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில், எந்த இழப்புக்கும் கம்பெனியின் பொறுப்பு ஒரு மாதச் சந்தாவைத் தாண்டாது என்று இருக்கிறதாம். இருக்கத்தான் செய்தது. சரி, ரத்து செய்கிறேன் என்றதும் மீதி மாதங்கள் அத்தனைக்கும் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது! வீட்டை உடைத்தவன்கூட அப்படிக் கேட்கவில்லை.

இன்னொரு கொடுமை, பெட்டியை வேறு ஆளை வைத்துச் சரிசெய்யவும் விடவில்லை. அலாரம் பெட்டிக்கு இரண்டு எண். ஒன்று நாம் தினமும் அழுத்துவது. மற்றது இன்ஸ்டாலர் கோடு, அமைப்பையே மாற்ற வல்லது. அதைப் பூட்டி வைத்துவிட்டால் வேறு யாரும் உள்ளே போக முடியாத மாடல்கள் இருக்கின்றன. கோடு கேட்டேன், "கம்பெனி பாலிசிக்கா" என்றார்கள். போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. பழைய பெட்டியின் 12 வோல்ட் பேட்டரியும் வீங்கிப் போயிருந்தது. மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டிய சாமான் அது, புதுசு என்று சொல்லி எங்கிருந்தோ கழற்றியதை வைத்திருக்கிறார்கள்.

கிரீன்லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்ப் பேசினேன். அவர்கள்தான் நடுவர் மன்றத்துக்கு வழிகாட்டினார்கள். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்கத் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றி 2010 திருத்தத்தில் சேர்த்த ஒரு பகுதி இருக்கிறது. பொடி எழுத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் அதைச் சொல்லுங்கள். கட்டிய சந்தாவும் புது போர்டுக்கான செலவும் கேட்டிருக்கிறேன். படங்கள், ரசீதுகள், அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் இணைத்தாயிற்று. அவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் போன் செய்து, பாதிப் பணம் தருகிறோம், மனுவை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை.

அலாரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டில் இப்போதும் ஒன்று இருக்கிறது, அந்தப் பெரியவர் சீலிங்குக்குள் ஏறி இழுத்த கேபிளோடு. பொருத்துபவர் கிளம்புவதற்கு முன் அலாரத்தைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கதவையும் திறங்கள், ஒவ்வொரு அறையிலும் நடங்கள். ஒவ்வொரு முறையும் சைரன் அலற வேண்டும், உங்கள் போன் அடிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் திட்டினால் திட்டட்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு முறை. வயர் வைத்த சென்சார் எதுவும் தனி அடாப்டரில் ஓடக் கூடாது. மூடியைக் கழற்றி ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முகம் மாறுகிறவனிடம் பணம் கட்டாதீர்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், இன்ஸ்டாலர் கோடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கட்டும். ஃபைபருக்கு மாறியும் பழைய வீட்டுப் போன் லைனை நம்பி அலாரம் வைத்திருப்பவர்களுக்கு: இப்போது அந்தப் போன் மோடம் வழியாகப் போகிறது. மோடத்துக்குக் கரண்ட் போனால் போனும் போய்விடும்.

அதே கருநீலச் சட்டைகள் போன வாரம் செபராங் ஜெயாவில் வேறொரு கம்பெனிப் பெயரில் சுற்றியதாக என் சித்தி சொன்னார். அவர் பக்கத்து வீட்டு அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். வீடு தேடி வந்து விற்பது நேரடி விற்பனை. அதற்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 300 வெள்ளிக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள். கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சித்தியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள்.