வாஷர் தண்ணீர் அடிக்கவில்லையா: ஊசியா, காற்றா, வினிகரா?

மழை ஓய்ந்த ராத்திரியில் திண்டிவனம் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதன் டயர் வாரியிறைத்த சேறு முன் கண்ணாடியில் அப்பியது. வைப்பர் அதை இழுத்துத் தேய்க்க, எதிரே வந்த ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்க மஞ்சள் திரையாகிவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் அடிக்கும் வாஷர் லீவரை இழுத்தால் ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சின்னச் சமாசாரத்தை நான் அலட்சியப்படுத்துவதே இல்லை.

டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து லீவரை இழுத்துக் காது கொடுங்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் கரண்ட் சரி, தண்ணீர் போகும் வழியில்தான் கோளாறு. பானெட்டைத் தூக்கி, கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கும் சின்ன வாயான நாசிலுக்கு அடியில் உள்ள டியூபை உருவிவிட்டு, கூட இருப்பவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். டியூபிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அடைப்பு நாசிலில்தான். அங்கேயும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதென்றால் டியூப் மடங்கியிருக்கலாம், வெடித்திருக்கலாம், பம்பின் வாயில் உள்ள வலையில் பாசி பிடித்திருக்கலாம்.

நாசில் அடைப்புக்கு எல்லோரும் முதலில் தேடுவது ஊசி. செலவில்லை, ரோட்டோரத்திலேயே வேலை முடியும். குண்டு போல உருளும் நாசிலில் தண்ணீர் எங்கே விழவேண்டும் என்று திருப்பி வைக்கவும் ஊசிதான் வசதி. ஆனால் அது அழுக்கை வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளுகிறது. நான் ஊசி குத்திய நாசில் இரண்டே வாரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. விசிறி போலத் தெளிக்கும் நாசிலாக இருந்தால் ஊசியே வேண்டாம். உள்ளே இருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் சில்லில் கீறல் விழுந்தால் தெளிப்பு கோணலாகிவிடும்.

என் ஓட்டு காற்றுக்குத்தான். டியூபை உருவிவிட்டு, நாசிலின் வெளித் துளையிலிருந்து உள்நோக்கிக் காற்றை அடிக்கவேண்டும். துளையின் வெளிவாய் சின்னது, உள்பக்கம் அகலம், அதனால் தூசி வந்த வழியே சுலபமாகப் போய்விடும். டியூபைக் கழற்றாமல் அடித்தால் அந்தத் தூசி டியூபுக்குள் போய், அடுத்த முறை லீவரை இழுத்ததும் திரும்பி வரும்.

காற்றுக்கும் அசையாத ஒன்று உண்டு, உப்பு. போர் தண்ணீர் ஊற்றும் வண்டியின் நாசில் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிறதே, அதே சுண்ணாம்பு. அதற்கு வினிகர்தான் சரி. நாசிலைக் கழற்றி அரை மணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசினால் கரைந்துவிடும். வெயிலில் காய்ந்த பழைய நாசிலின் கிளிப் பட்டென்று உடையும், பொறுமையாகக் கழற்றுங்கள்.

பம்ப் சத்தமே கேட்கவில்லையென்றால் மேலே சொன்ன மூன்றும் வீண் வேலை. ஃபியூஸைப் பாருங்கள். அது சரியென்றால், லீவரை இழுக்கும்போது பம்பின் கனெக்டரில், கரண்ட் வருவதைக் காட்டும் டெஸ்ட் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தும் ஓடாத பம்பைத் தட்டி ஓடவைக்கலாம், ஆனால் அதை நம்பி ராத்திரிப் பயணம் போக எனக்கு மனசு வராது. புதுசு வாங்கிவிடுவது மேல். பின் கண்ணாடிக்கும் வாஷர் உள்ள பல ஹேட்ச்பேக்குகளில் ஒரே பம்ப்தான். ஒரு பக்கம் சுற்றினால் முன்னால் அடிக்கும், மறுபக்கம் சுற்றினால் பின்னால். அதற்கு இரண்டு வாய் உள்ள பம்பாகவே கேட்டு வாங்குங்கள். டியூபை மாற்றிச் சொருகினால் முன் லீவருக்குப் பின் கண்ணாடி நனையும்.

அப்புறம் டேங்கில் எதை ஊற்றுவது? ஷாம்பூ வேண்டாம், நுரை கண்ணாடியில் கோடு போடும், டேங்கின் அடியில் கொழகொழவென்று தங்கும். நான் ஊற்றுவது வீட்டு ஆர்ஓ தண்ணீர், அதில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு வாஷர் திரவம். டேங்க் காலியானது தெரிந்தால் லீவரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் சுற்றினால் பம்ப் சூடாகிக் கெட்டுவிடும்.