249 கிராமும் தென்காசிக் காற்றும்: மூன்று வருட ட்ரோன் அனுபவம்

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் பெரிய ட்ரோனுக்கு மாறியபோது, தன் பழைய குட்டி ட்ரோனை இரண்டு பேட்டரியோடு 27,000 ரூபாய்க்கு எனக்குத் தள்ளிவிட்டார். எடை 249 கிராம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்று வருடமாகப் பறக்கவிடுகிறேன். படத்தின் தரம் பற்றி எனக்குக் குறையே இல்லை. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் வயலும் குளமும் பின்னால் மலையுமாக எடுத்தால், யாரிடம் காட்டினாலும் "நீயா எடுத்த?" என்றுதான் கேட்பார்கள். மற்றதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் எல்லாரையும் போல நானும் மொட்டை மாடிக்குத்தான் போனேன். ரிமோட் திரையில் திசைகாட்டிக் கோளாறு என்று வந்துகொண்டே இருந்தது. சொன்னபடி ட்ரோனைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், தலைதான் சுற்றியது. கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. மண் தரையில் வைத்தேன், ஒரே நிமிடத்தில் சரியானது. இப்போதும் களத்து மேட்டில்தான் ஏற்றி இறக்குகிறேன்.

ஓட்டுவது நினைத்ததைவிடச் சுலபம். ரிமோட்டின் குச்சிகளிலிருந்து கையை எடுத்தால் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஒரே சிக்கல், அது நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். இது மூளைக்குப் பழக எனக்கு இரண்டு மாதமும் ஒரு முருங்கை மரமும் ஆயின. அந்த மரத்தில் உடைந்த இறக்கைகளை மாற்றும்போது இன்னொரு பாடம். நான்கும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டு வகை உண்டு. குறி பார்க்காமல் மாட்டிவிட்டேன். கிளப்பிய நொடியில் கரப்பான் பூச்சி மாதிரி மல்லாந்து துடித்தது.

சரி, காற்றுக்கு வருவோம். எங்கள் ஊர் செங்கோட்டைக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று. அம்மியே பறக்கும் மாதத்தில் 249 கிராம் எம்மாத்திரம்! முதல் வருடம் ஆனிக் கடைசியில், தரையில் காற்று சுமாராகத்தான் இருக்கிறது என்று 60 மீட்டர் உயரத்தில் குளத்துக்கு மேலே கிழக்குப் பக்கமாக விட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி அப்போதே சொன்னாள், "எய்யா, காத்து அடிக்கில்லா, இப்ப எதுக்கு அத விடுத?" கேட்டால்தானே.

போகும்போது அருமையாகப் போனது. 400 மீட்டர் தள்ளித் திருப்பினேன். அந்தத் தூரமே தப்பு, ஒரு புள்ளியாகக்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பேட்டரி 38 சதவீதம். குச்சியை முழுக்கத் தள்ளியும் திரையில் வேகம் நொடிக்கு 2 மீட்டர், 1 மீட்டர், நடுவில் சில நொடி பூஜ்யம். சாதாரண முறையில் அது நொடிக்கு 10 மீட்டர் போகும். மேலே எதிர்க்காற்று ஏறக்குறைய அதே வேகத்தில் அடித்தால் மிச்சம் என்ன இருக்கும்? வீட்டுக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினேன். அது இருக்கும் உயரத்திலேயே நேராகத் திரும்பப் பார்த்ததே தவிர, கீழே காற்று குறைவு என்ற புத்தி அதற்கு இல்லை. ரத்து செய்துவிட்டு நானே 15 மீட்டருக்கு இறக்கினேன். வேகம் 5 ஆனது. அப்புறம்தான் இன்னும் வேகமாகப் போகவைக்கும் ஸ்போர்ட் முறை ஞாபகம் வந்தது, பதற்றத்தில் அதுவரை தோன்றவே இல்லை. குளத்தங்கரையில் உடை மரங்களுக்கு நடுவே இறங்கியபோது 14 சதவீதம். கால்சட்டையெல்லாம் முள்ளாக ஓடிப்போய் எடுத்தேன்.

அன்றிலிருந்து முதலில் காற்றை எதிர்த்துத்தான் விடுகிறேன். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: திரையில் தெரியும் சதவீதம் போவதற்கு மட்டுமல்ல, வருவதற்கும் சேர்த்து.

அட்டையில் அரை மணி நேரம் பறக்கும் என்று போட்டிருப்பார்கள். காற்றில்லாத இடத்துக் கணக்கு அது. எனக்கு ஆரம்பத்தில் 22 நிமிடம் வந்தது, இப்போது 15. ஒரு பேட்டரி லேசாக உப்பிவிட்டது, அதை ஒதுக்கிவிட்டேன். தப்பு என்னுடையது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி வாரக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பேன். பாதியளவில்தான் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருப்பதால், இது போனால் இதே மாதிரி இன்னொன்று சுலபமாகக் கிடைக்காது. அதனால் இருப்பதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.

சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கும் விடலாம் என்று இல்லை. எங்கே பறக்கலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் இடம் சிவப்பாக இருந்தால் மூடிவைத்துவிட வேண்டும். பச்சையிலும் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான். இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினால் எடை 250ஐத் தாண்டிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட அக்கம்பக்கம் முக்கியம். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒருநாள், "தம்பி, கொல்லைல பொம்பளையாளு குளிக்க இடம், மேல வந்து நின்னுக்கிட்டு கெடக்கு" என்று சத்தம் போட்டார். நான் எடுத்தது கோயில் கோபுரத்தை. ஆனால் கீழே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இப்போது தெருப்பக்கம் பறக்கவிடுவதே இல்லை. குளத்திலும் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் கிடையாது.

ஆச்சிக்கு மட்டும் இதன் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. போன ஐப்பசியில் ஓட்டுக் கூரை ஒழுகியது, ஆள் ஏறாமலேயே உடைந்த ஓடுகள் மூன்றையும் காட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து தென்னை மரத்தில் குலை முற்றிவிட்டதா என்று பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். காற்றடிக்கிற நாளென்றால் மட்டும் கேட்பதில்லை.