ஆயாவின் தாலாட்டு நோட்டு: ஒட்டலா, தையலா?

சாந்தி, சதாபிஷேகம் என்றால் வருகிறவர்கள் கையில் தேவாரமோ திருப்புகழோ அச்சிட்டுக் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஐயாவின் (தாத்தாவின்) எண்பதாம் வயதுச் சதாபிஷேகத்துக்கு இந்த முறை ஆயா (பாட்டி) கைப்பட எழுதி வைத்திருக்கும் தாலாட்டு நோட்டையே அச்சிடுவது என்று வீட்டில் முடிவானது. 96 பக்கம், 300 பிரதி. காரைக்குடியில் இரண்டு அச்சகங்களில் மாதிரி கேட்டு வாங்கி வந்தேன். ஒரு வாரமாக இரண்டும் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) கிடக்கின்றன; போகிறவர் வருகிறவர் எல்லாரும் புரட்டிப் பார்க்கிறார்கள்.

முதல் மாதிரி டிஜிட்டல் அச்சு. பளபளக்கும் ஆர்ட் பேப்பர், பக்கத்துக்குப் பக்கம் வண்ணக் கொடி பார்டர், முதுகைப் பசையால் ஒட்டுகிற பெர்ஃபெக்ட் பைண்டிங். இரண்டாவது ஆஃப்செட்டுக்கானது. அச்சுக்குப் பிளேட் போட்டு ஒரே ஒரு பிரதி எடுத்தால் கட்டுபடியாகாது என்பதால் 80 ஜிஎஸ்எம் கனத்தில் பளபளப்பில்லாத, லேசாகப் பழுப்பேறிய நேச்சுரல் ஷேட் தாளும் நூல் தையலும் மட்டும் அசல். உள்ளே நான்கு பக்கங்களில் மட்டும் புரூஃப், அதாவது சரிபார்க்க எடுக்கிற அச்சு. கண்ணைப் பறிப்பது முதலாவதுதான். எங்கள் வீட்டில் பாதிப் பேர் இன்னும் அதன் பக்கம்தான் நிற்கிறார்கள்.

நான் முதலில் பார்த்தது புத்தகத்தின் முதுகை. பத்து வருஷத்துக்கு முன் ஐயாவின் எழுபதுக்கு நடந்த பீமரத சாந்திக்கு அச்சிட்ட மலரும் பெர்ஃபெக்ட் பைண்டிங்தான், அதுவும் ஆர்ட் பேப்பர்தான். இன்று அதைத் திறந்தால் நடுவில் இருக்கும் குடும்பப் படம் தனியாகக் கையோடு வருகிறது. எந்த அச்சகம் என்பது இப்போது முக்கியமில்லை, காரணம்தான் முக்கியம். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், ஒரே பெரிய தாளில் பல பக்கம் அச்சிட்டு மடித்த ஃபாரங்களின் முதுகைச் சீவிவிடுவார்கள். 96 பக்கமும் 48 தனித்தனித் தாளாகிவிடும். அவற்றைப் பிடித்திருப்பது சூடாகத் தடவிய பசை ஒன்றுதான். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சில் அந்தப் பசை ஆழமாக இறங்காது. வருஷம் போகப் போக இறுகி, விரிக்கிற இடத்தில் வெடிக்கும்.

தையலில் 16 பக்க ஃபாரம் மடித்தது மடித்தபடியே இருக்கும். நூல் மடிப்பின் நடுவே ஓடி, ஆறு ஃபாரங்களையும் ஒன்றோடொன்று கோக்கும். பசை போனாலும் தாள் போகாது. ஐயாவின் அப்பச்சி (அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன காலத்துப் பேரேடு ஒன்று எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. ஆனால் ஒரு தாள்கூடக் கழன்று விழவில்லை.

இன்னொன்று, தாலாட்டுப் புத்தகத்துக்கே உரியது. பாடுகிறவளுக்கு ஒரு கை தொட்டில் கயிற்றில் இருக்கும். முதல் மாதிரியை மடியில் வைத்துக் கையை எடுத்தால் படக்கென்று மூடிக்கொள்கிறது. இரண்டாவது விரித்தபடியே கிடக்கிறது. “ஆச்சி, தையல்னா கூலி தனி, நாளும் கூடுதலா ஆகும்” என்றார் பைண்டர் என்னிடம். ஆகட்டும். ஒரு முறை புரட்டிவிட்டு வைக்கிற விழா மலராக இருந்தால் நானே ஒட்டச் சொல்லியிருப்பேன். பி.யு.ஆர் பசை என்று வளைந்து கொடுக்கிற வகை ஒன்றும் உண்டு. தையலுக்கு வழியே இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்கலாம்.

தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரப்படுத்தினால் குழல்போலச் சுருளும். அந்தக் குழல் நிற்கும் திசைதான் இழை ஓடும் திசை. அது முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் தானாகப் படியும், குறுக்காக இருந்தால் விறைத்து நிற்கும்.

எழுத்துக்கு வருகிறேன். முதல் மாதிரிக்காரர் கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்குப் போடுகிற எழுத்தையே பாட்டு முழுக்க ஓட்டியிருந்தார். அது நான்கு சொல்லுக்கு அழகு. நாற்பது வரிக்குக் கண் வலிக்கும். கிரவுன் 1/8 என்கிற சிறிய புத்தக அளவின் அகலத்தில் ஆயாவின் நீண்ட அடிகள் அடங்கவும் இல்லை. வரிக் கடைசியில் வர வேண்டிய ‘கண்ணே’ கழன்று அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஆயா மூச்சு விடுகிற இடத்தில்தான் நோட்டில் வரி முடிகிறது. அந்த இடத்தைத் தவறவிட்டால் பாட்டே தவறிவிடும். இரண்டாவது அதைவிட அகலமான டெமி 1/8. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, 12 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி 18 பாயிண்ட். அடி உடையவில்லை. வலது ஓரத்தை நேராக்க இழுத்துப் பிடிக்காமல், முடிகிற இடத்தில் முடிய விட்டிருக்கிறார்கள். யூனிகோட் எழுத்து என்பதால், பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கிற வேர்ல்டு-ரெடி கம்போசரைப் போட்டார்களா என்று மட்டும் கேட்டேன். போடாவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. ஆயாவின் கையெழுத்தில் லை, ணை, னை எல்லாம் தலைக்கு மேல் துதிக்கை சுழித்த பழைய வடிவம். 1978 அரசாணைக்குப் பிறகு அச்சிலிருந்து போய்விட்ட வடிவம் அது. யூனிகோடில் அதற்குத் தனிக் குறியீடு கிடையாது. எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. பழையபடியே அச்சிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் மூன்றாவது படிக்கிற என் மகள் ஆயா எழுதிய ‘லை’யைப் பார்த்து “இது என்ன எழுத்தும்மா?” என்று கேட்டாள். அதனால் பாட்டுக்குப் புதிய வடிவம். கொடி பார்டருக்கு ஆகவிருந்த வண்ணச் செலவில், நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் மைக்கறையோடு அப்படியே படமெடுத்துத் தொடக்கத்தில் வைக்கிறோம். கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா பழைய நூல்களைச் சேர்த்து வைத்ததால்தானே, அவர் 1992-இல் மறைந்த பிறகும் அந்த நூல்களின் எழுத்து முகங்களைச் சென்னையில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் இன்று பார்க்க முடிகிறது.

இரண்டாவது மாதிரிக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். நேற்று முதல் ஃபாரத்தின் புரூஃப் வந்தது. எல்லா இடத்திலும் ‘ஆரிரரோ’ என்றிருக்க, ஓரிடத்தில் மட்டும் ‘ஆரிராரோ’. பிழை என்று வட்டம் போட்டுக்கொண்டு போய் ஆயாவிடம் காட்டினேன்.

“அது இருக்கட்டும்டி, அங்க நான் நீட்டுவேன்” என்றார்கள்.